குமிழியைப் பார்த்துப் பாட்டிலில் அடைக்காதீர்கள்: வீட்டில் முதல் பீர் செய்கிறவர்களுக்கு

முதல் முறையாக வீட்டில் பீர் செய்கிறவர்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் இரண்டுதான். ஈஸ்ட் போட்ட மறுநாள் காலையிலேயே, "இன்னும் ஒரு குமிழிகூட வரவில்லை, ஈஸ்ட் செத்துப்போச்சா?" என்பது ஒன்று. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, "குமிழி நின்றுவிட்டது, பாட்டிலில் அடைத்துவிடலாமா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் பொறுங்கள் என்பதுதான். ஆனால் வெறுமனே பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் பொறுமை வராது, கை அரிக்கத்தான் செய்யும். வாளிக்குள் எந்த நாளில் என்ன நடக்கிறது, முடிந்துவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்வது, எங்கே காத்திருப்பதால் லாபம், எங்கே காத்திருந்தால் பீர் கெடும் என்று தெரிந்துவிட்டால் காத்திருப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

ஆரம்பிப்பதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கிலாந்தில் இருந்து எழுதுகிறேன், இங்கே 1963 முதல் வீட்டு உபயோகத்துக்கு பீர் செய்ய உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு தேசிய அளவில் இதற்கு வழி பிறந்தது. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை செய்யலாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம், அங்கே இருந்து படிக்கிறவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அங்கங்கே உள்ள சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒரு சாதாரண பேல் எயிலை (அறைச் சூட்டிலேயே நொதிக்கிற வெளிர்நிற பீர்) எடுத்துக்கொள்வோம். 20 லிட்டர், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியத்தின் கெட்டிச் சாறு) டின்னில் செய்ததாகவும் இருக்கலாம், தானியத்தை ஊறவைத்துச் செய்ததாகவும் இருக்கலாம், ஈஸ்ட் போட்ட பிறகு இரண்டும் ஒரே வழியில்தான் போகும். டின்னோடு வரும் தாளில் பல நேரம் "4 முதல் 6 நாள், 20 முதல் 25 டிகிரி" என்று போட்டிருக்கும். அந்தத் தாளை நம்பித்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். அந்த நாட்களுக்குள் சர்க்கரையின் பெரும்பகுதி சாராயமாகிவிடும், உண்மைதான். ஆனால் சர்க்கரை தீர்வதும் பீர் முடிவதும் ஒரே நாளில் நடப்பதில்லை.

ஈஸ்ட் போடுவதற்கு முன்பே காத்திருக்க வேண்டும்

பொறுமை என்றதும் எல்லோரும் கடைசிக் கட்டத்தைத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் மிக முக்கியமான காத்திருப்பு ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான். கொதித்த வோர்ட் (ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய இனிப்பு மால்ட் சாறு) ஆறி 30 டிகிரிக்கு வந்ததும், "கை பொறுக்கிற சூடுதானே" என்று ஈஸ்டைத் தூவிவிடுகிறார்கள். ஈஸ்ட் சாகாது. சொல்லப்போனால் மிக வேகமாக வேலை செய்யும், அந்த வேகம்தான் பிரச்சினை. முதல் இரண்டு மூன்று நாள் ஈஸ்ட் பெருகுகிற காலம், பீரின் வாசனையில் பெரும்பகுதி அப்போதுதான் உருவாகிறது. அந்தச் சமயத்தில் சூடு அதிகமாக இருந்தால் நெயில் பாலிஷ் போன்ற நெடியும், தொண்டையில் எரிகிற கனமான ஆல்கஹால்களும் வந்து சேரும். அவற்றைப் பிறகு எத்தனை வாரம் காத்திருந்தாலும் முழுதாக எடுக்க முடியாது.

அதனால் வோர்ட் 18 டிகிரிக்கு வரட்டும், அதிகபட்சம் 20. அன்றிரவு ஆறவில்லையா, சுத்தம் செய்து கிருமிநாசினி போட்ட வாளியில் மூடிவைத்துவிட்டு மறுநாள் காலையில் ஈஸ்ட் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பலர் கொதிக்கக் கொதிக்க கேனில் அடைத்து இரவெல்லாம் தானாக ஆறவிட்டே பீர் செய்கிறார்கள். மூடி ஒழுங்காக இருந்து, பாத்திரம் சுத்தமாக இருந்தால் ஓர் இரவில் ஒன்றும் ஆகிவிடாது.

இன்னொன்று, அறையின் சூடும் பீரின் சூடும் ஒன்றல்ல. நொதிக்கும்போது ஈஸ்டே சூட்டை வெளிவிடும், உச்சத்தில் வாளிக்குள் அறையைவிட 2 முதல் 5 டிகிரி வரை கூடுதலாக இருக்கும். அறை 22 என்றால் பீர் 26-இல் இருக்கலாம். வாளியின் வெளிப்பக்கம் ஒட்டுகிற தெர்மாமீட்டர் பட்டை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், முதல் நாளே ஒட்டிவிடுங்கள். சூடு ஏறினால் வாளியை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத் துண்டைச் சுற்றி, ஃபேனைத் திருப்பிவிட்டாலே சில டிகிரி இறங்கும்.

முதல் மூன்று நாள்

ஈஸ்ட் போட்ட பிறகு சில மணி நேரம் வெளியில் எதுவும் தெரியாது. உள்ளே ஈஸ்ட் வோர்ட்டில் கரைந்திருக்கிற ஆக்ஸிஜனை இழுத்துத் தன் செல் சவ்வுகளை உறுதிப்படுத்திக்கொள்கிறது, அப்புறம் பெருக ஆரம்பிக்கிறது. இதற்கு 6 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம். வோர்ட் குளிர்ந்திருந்தாலோ, ஈஸ்ட் பாக்கெட் பழையதாக இருந்தாலோ, இரண்டு நாள்கூட இழுக்கும். 72 மணி நேரம் வரை கையை வைக்காதீர்கள். லண்டன் குளிர்காலத்தில் இட்லி மாவு வைத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சென்னையில் ஒரே ராத்திரியில் பொங்குகிற மாவு இங்கே மறுநாள் மத்தியானம்கூட அசையாமல் கிடக்கும், மாவு கெட்டுப்போனதாக யாரும் அதைக் கொட்டுவதில்லை. மாவில் வேலை செய்வது பெரும்பாலும் பாக்டீரியா, இங்கே ஈஸ்ட். குளிர் இரண்டையும் ஒரே மாதிரிதான் தாமதப்படுத்தும்.

72 மணி நேரமும் தாண்டி நுரையும் இல்லை, ஹைட்ரோமீட்டர் (திரவத்தில் மிதந்து சர்க்கரையின் அளவைக் காட்டும் கருவி) அளவும் இறங்கவில்லை என்றால் மட்டும் புது ஈஸ்ட் பாக்கெட் போடுங்கள். ஹைட்ரோமீட்டரைப் பார்க்காமல் போடக் கூடாது என்பதைக் கவனிக்கவும். ஏர்லாக்கில் (மூடியில் செருகி, கேஸை மட்டும் தண்ணீர் வழியே வெளியே விடும் அடைப்பு) குமிழியே வராமல் பீர் முக்கால்வாசி நொதித்து முடிந்திருக்கிற கதை ரொம்பச் சாதாரணம். பிளாஸ்டிக் வாளியின் மூடி எங்காவது ஒரு மூலையில் சரியாக உட்காராது, கேஸ் அந்த வழியாகப் போய்விடும்.

நுரை வந்த பிறகு பார்க்க அழகாக இருக்கும். வெள்ளையாகக் கிளம்பி, மேலே பழுப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக அழுக்கு போல ஒதுங்கும். அது ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) பிசினும் புரதமும் ஈஸ்டும்தான், பீர் கெடவில்லை. வாளியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் அந்த வளையத்தைச் சுரண்டவோ திரும்ப உள்ளே தள்ளவோ வேண்டாம், கசக்கும்.

குமிழி நின்ற பிறகு நடப்பது

முழு விஷயத்தின் மையமும் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஈஸ்ட் சர்க்கரையை ஒரே மூச்சில் எல்லாவற்றையும் தின்பதில்லை. முதலில் எளிதான குளுக்கோஸ், பிறகு வோர்ட்டில் அதிகம் இருக்கிற மால்டோஸ், கடைசியில் கஷ்டப்பட்டு மால்டோட்ரையோஸ். முதல் இரண்டும் போகும்போது கேஸ் கொட்டுகிறது, நுரை பொங்குகிறது, ஏர்லாக் பேசிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவதுக்கு வரும்போது வேகம் குறைந்துவிடும், நுரை விழுந்துவிடும், குமிழி எப்போதோ ஒன்று. வெளியில் நின்று பார்க்கிறவருக்கு வேலை முடிந்தது போல இருக்கும். உள்ளே ஹைட்ரோமீட்டர் அளவு இன்னும் நான்கைந்து புள்ளி (1.014-இலிருந்து 1.010 என்றால் நான்கு புள்ளி) இறங்க வேண்டியிருக்கும்.

இதற்கு நேரெதிராகவும் நடக்கும். நொதித்தல் முழுதாக முடிந்த பீரில் கேஸ் கரைந்து நிற்கிறது, ஒருநாள் அறை கொஞ்சம் சூடானால் அந்தக் கேஸ் வெளியேறி ஏர்லாக் மறுபடி குமிழிடும், ஈஸ்ட் ஒன்றும் செய்திருக்காது. ஆகவே குமிழி இருந்தாலும் அதை நம்ப முடியாது, இல்லாவிட்டாலும் நம்ப முடியாது. நொதித்தல் தொடங்கிவிட்டது என்று சந்தோஷப்பட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

சர்க்கரை தீர்ந்த பிறகு ஈஸ்ட் இன்னொரு வேலையும் செய்கிறது. வேகமாகப் பெருகியபோது அது பாதி வழியில் விட்டுவிட்ட பொருட்கள் பீரில் மிதக்கும். அசிட்டால்டிஹைடு அதில் ஒன்று, பச்சை ஆப்பிளை வெட்டியது போல வாசனை. இன்னொன்று டயசெட்டில், வெண்ணெய், பாப்கார்ன் வாசனை, நாக்கில் வழவழவென்று இருக்கும். இந்த டயசெட்டிலை ஈஸ்ட் நேரடியாக வெளிவிடுவதில்லை. அதற்கு முந்தைய ஒரு பொருளை வெளிவிடுகிறது, வாசனையே இல்லாத அந்தப் பொருள் பீரில் மெல்ல டயசெட்டிலாக மாறுகிறது, மாறிய பிறகு ஈஸ்டே அதைத் திரும்ப உள்ளே இழுத்து வாசனையற்ற வேறொன்றாக ஆக்கிவிடுகிறது. இந்தக் கடைசிப் படி நடக்க பீர் ஈஸ்டோடு, சுமாரான சூட்டோடு, சில நாள் சும்மா இருக்க வேண்டும். ஐந்தாம் நாளே வடித்துக் குளிர வைத்தால் வாசனையில்லாத அந்த முன்பொருள் பீரிலேயே தங்கிவிடும். அடைக்கும்போது நன்றாக இருந்த பீர் மூன்று வாரம் கழித்து வெண்ணெய் நாற்றம் அடிப்பது இதனால்தான். ஆறிலிருந்து பத்தாம் நாள் வரை வெளியில் ஒன்றும் நடக்காத மாதிரி தெரிகிற காலத்தைத்தான் நான் மிக மதிக்கிறேன், சுமாரான வீட்டு பீரும் நல்ல வீட்டு பீரும் பிரிகிற இடம் அது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு கிளாஸில் கொஞ்சம் பீர் எடுத்து, ஒன்றை மூடி 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள், பிறகு ஆறவைத்து இரண்டையும் முகர்ந்து பாருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாசனை வந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும் என்று அர்த்தம். இரண்டிலும் வரவில்லையென்றால் தாராளமாக அடுத்த வேலையைப் பாருங்கள்.

ஹைட்ரோமீட்டர் இல்லாமல் இந்த வேலை வேண்டாம்

வாளி, மூடி, குழாய் எல்லாம் வாங்கிவிட்டு ஹைட்ரோமீட்டரை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு எதை வேண்டுமானாலும் தள்ளிப்போடுங்கள், இதை வேண்டாம். தண்ணீரில் அது 1.000 காட்டும், சர்க்கரை நிறைந்த வோர்ட்டில் மேலே மிதந்து 1.048 என்று காட்டும், சர்க்கரை குறையக் குறைய முங்கும்.

ஈஸ்ட் போடுவதற்கு முன் ஓர் அளவு எடுத்து எழுதிவையுங்கள், அது தொடக்க அளவு. 1.048-இல் ஆரம்பித்து, உங்கள் ஈஸ்ட் அந்த அளவை 78 சதவீதம் குறைக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தால், 48 புள்ளியில் 22 சதவீதம் மிஞ்சும், அதாவது 1.010 அல்லது 1.011-இல் நிற்க வேண்டும். இது எதிர்பார்ப்புதான், உத்தரவாதம் கிடையாது. எக்ஸ்ட்ராக்டில் செய்தவை 1.014, 1.016-இலும் நிற்கும், சில 1.020 அருகிலேயே நின்றுவிடும். வின்ட்சர் என்கிற ஈஸ்ட் மால்டோட்ரையோஸைத் தொடாது, அதனால் எப்போதும் கொஞ்சம் மேலேயே நிற்கும். தானியத்தை 68, 69 டிகிரியில் ஊறவைத்தால் ஈஸ்டால் தின்ன முடியாத சர்க்கரை அதிகம் வரும், 64-இல் ஊறவைத்தால் குறையும்.

எந்த எண்ணில் நிற்கிறது என்பதைவிட, நின்றுவிட்டதா என்பதுதான் முக்கியம். பத்தாம் நாள் ஓர் அளவு, மூன்று நாள் கழித்து இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருந்து, எதிர்பார்த்த எண்ணுக்கு அருகிலும் இருந்தால் முடிந்தது. ஒரு புள்ளி இறங்கியிருந்தால்கூட இன்னும் மூன்று நாள். தினமும் எடுக்க வேண்டாம், ஒவ்வொரு முறை திறப்பதும் காற்றையும் கிருமியையும் உள்ளே விடுவதுதான். வாளியில் குழாய் இருந்தால் அதைச் சுத்தம் செய்து அதன் வழியே எடுங்கள், மூடியைத் தொடவே வேண்டாம்.

அளக்கும்போது மாதிரியில் உள்ள கேஸை நன்றாகக் கலக்கி வெளியேற்றிவிடுங்கள், குமிழிகள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டி அதை மேலே தூக்கிவிடும். ஒட்டியிருந்தால் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படியுங்கள். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்குச் செய்யப்பட்டவை, சூடான திரவத்தில் குறைத்துக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள், ஆல்கஹால் உருவான பிறகு அது நேரடியாகச் சரியான எண்ணைக் காட்டாது, திருத்தக் கணக்கு போட வேண்டும். அது தெரியாமல் "1.020-க்கு மேல் நின்றுவிட்டது" என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு.

அளந்த பீரைத் திரும்ப வாளியில் ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள். பத்தாம் நாள் கேஸ் இல்லாமல் தட்டையாக, கொஞ்சம் ஈஸ்ட் வாடையோடு இருக்கும். பதிமூன்றாம் நாள் அதே பீர் எவ்வளவு மென்மையாகிவிட்டது என்று நாக்கே சொல்லும். ஆல்கஹால் அளவு தெரிய வேண்டுமானால் தொடக்க அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து 131.25-ஆல் பெருக்குங்கள். 1.048-இலிருந்து 1.010 என்றால் 0.038, பெருக்கினால் ஏறக்குறைய 5 சதவீதம்.

எண் மேலேயே நின்றுவிட்டது, இறங்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தால் முதலில் வாளியை 20, 21 டிகிரி உள்ள இடத்துக்கு மாற்றுங்கள், மூடியைத் திறக்காமல் மெதுவாக ஒரு சுழற்று சுழற்றிவிட்டு மூன்று நான்கு நாள் விடுங்கள். குளிரில் ஈஸ்ட் அடியில் படிந்து தூங்கிவிட்ட வழக்குகளில் பெரும்பாலும் இதுவே போதும். போதவில்லையென்றால் வேறு வாளியில் உற்சாகமாக நொதித்துக்கொண்டிருக்கிற ஈஸ்டைக் கொஞ்சம் எடுத்துப் போடலாம். உலர்ந்த ஈஸ்டை நேரடியாக ஆல்கஹால் நிறைந்த பீரில் தூவினால் அது எழும்புவது கஷ்டம்.

அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும்

ருசி கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். சீக்கிரம் அடைப்பதில் உண்மையான ஆபத்து கண்ணாடி. இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்கையே காட்டுகிறேன்.

பீரில் உள்ள கேஸையும் 'அளவு' என்றே கணக்கிடுவார்கள், இது ஹைட்ரோமீட்டர் அளவு அல்ல, ஒரு லிட்டர் பீரில் 2.4 லிட்டர் கேஸ் கரைந்திருந்தால் 2.4 அளவு. சாதாரண எயிலுக்கு அது போதும். 20 டிகிரியில் நொதித்த பீரில் ஏற்கெனவே 0.85 அளவு கேஸ் மிஞ்சியிருக்கும், மீதிக்கு லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்க்கிறோம், 20 லிட்டருக்கு 120 கிராம். இதுவரை சரி. இப்போது 1.010-இல் நிற்க வேண்டிய பீரை 1.014-இல் அடைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். மிச்சம் இருக்கிற நான்கு புள்ளிகளையும் ஈஸ்ட் பாட்டிலுக்குள் தின்னும், இரண்டு புள்ளிக்குச் சுமார் ஓர் அளவு கேஸ் என்று கணக்கு. 2.4 இருக்க வேண்டிய இடத்தில் 4.4. சாதாரண பீர் பாட்டில் 3 அளவுக்கு மேல் நம்பி வைக்கக் கூடியதல்ல. ஹைட்ரோமீட்டரில் நான்கு சின்னக் கோடுகள்தான், அந்த வித்தியாசத்தில் கண்ணாடிச் சில்லு சமையலறை முழுக்கப் பறக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை இரண்டு முறை படியுங்கள்.

ஹாப்ஸை நொதித்தல் முடிந்த பிறகு சேர்க்கிறவர்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை ஒன்று. ஹாப்ஸிலேயே என்சைம்கள் இருக்கின்றன, ஈஸ்டால் தின்ன முடியாமல் கிடந்த சர்க்கரையை அவை உடைத்துத் தின்னக் கூடியதாக ஆக்கிவிடும். நின்றிருந்த அளவு மறுபடி இறங்க ஆரம்பிக்கும், டயசெட்டிலும் மறுபடி வரும். எனவே ஹாப்ஸ் போட்ட பிறகு மூன்று நான்கு நாள் விட்டு, அளவு மறுபடி நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகுதான் பாட்டில்.

அதிகமாகக் காத்திருந்தால் கெடாதா?

கெடாது என்பதுதான் முதல்முறை செய்கிறவருக்குச் சரியான பதில். பழைய கையேடுகளில் ஒரு வாரம் ஆனதும் வேறு வாளிக்கு மாற்றச் சொல்வார்கள், இல்லாவிட்டால் அடியில் படிந்த ஈஸ்ட் செத்துக் கரைந்து இறைச்சிச் சாறு போல நாறும் என்று காரணம் சொல்வார்கள். அப்போது கிடைத்த ஈஸ்ட் தரம் குறைந்தது. தவிர, பெரிய ஆலைகளில் பல மீட்டர் உயரத் தொட்டியின் அடியில் அழுத்தத்திலும் சூட்டிலும் கிடக்கிற ஈஸ்டுக்கு அது நடக்கும். 20 லிட்டர் வாளியில், 20 டிகிரியில், மூன்று நான்கு வாரம் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. வேறு வாளிக்கு மாற்றுவதில்தான் காற்று கலந்து நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வருகிற அபாயம் அதிகம். ஊருக்குப் போக வேண்டியிருக்கிறதா, கல்யாணமா, போய்விட்டு வாருங்கள், பீர் காத்திருக்கும். ஏர்லாக்கில் தண்ணீர் வற்றாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. ஹாப்ஸ் வாசனைக்காகவே செய்கிற ஐபிஏ, பாட்டிலில் கேஸ் ஏறியதும் குடிக்க வேண்டியது, மாதக்கணக்கில் வைத்தால் அந்த வாசனைதான் முதலில் போகும். கோதுமை பீரும் இளசாக இருக்கும்போதுதான் ருசி. மாறாக, ஸ்டவுட் போன்ற கறுப்பு பீர்கள் ஒரு மாதம் கூடுதலாக இருந்தால் வறுத்த தானியத்தின் முரட்டுத்தனம் அடங்கும். 9, 10 சதவீத பார்லி ஒயினை ஆறு மாதத்துக்கு முன் திறப்பதில் அர்த்தமில்லை.

லாகரை (குளிரில் மெதுவாக நொதிக்கிற பீர்) முதல் பீராக எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான எண்ணம். 10, 12 டிகிரியில் இரண்டு வாரத்துக்கு மேல், பிறகு டயசெட்டிலுக்காக 16, 17 டிகிரியில் சில நாள், அதன் பிறகு உறைநிலைக்கு அருகில் பல வாரம். பவேரியாவில் 1553-இல் கோடைக்காலத்தில் பீர் காய்ச்சவே கூடாது என்று ஆணை போட்டார்கள், செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் அனுமதி. சூட்டில் பீர் கெட்டுப்போனதே காரணம். குளிர்காலக் கடைசியில் காய்ச்சியதை குளிர்ந்த நிலவறைகளில் வைத்துக் கோடை முழுக்கக் குடித்தார்கள். அந்த நிலவறைக்குப் பதில் உங்களிடம் தனி ஃப்ரிட்ஜும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் எயிலோடு இருங்கள்.

மறுமுனையில் நார்வே கிராமத்து க்வைக் ஈஸ்ட் இருக்கிறது. வோஸ் வகை 35 முதல் 40 டிகிரியில்கூட நெடி இல்லாமல், ஆரஞ்சு வாசனையோடு மூன்று நான்கு நாளில் முடித்துவிடும். சிங்கப்பூர் மாதிரி வீடே 30 டிகிரி இருக்கிற ஊரில், ஃப்ரிட்ஜ் வசதி இல்லாதவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்கும் இரண்டு அளவு எடுத்துவிட்டே அடையுங்கள்.

நாட்காட்டியில் எப்படி இருக்கும்

ஒரு சனிக்கிழமை காய்ச்சினால், ஞாயிறு மாலைக்குள் நுரை, திங்கள் செவ்வாயில் உச்சம், வியாழன் வாக்கில் நுரை விழும். அடுத்த சனிக்கிழமை எதையும் செய்யாதீர்கள், அன்றுதான் கை அதிகம் துறுதுறுக்கும். பத்தாம் நாளான செவ்வாய்க்கிழமை முதல் அளவு, வெள்ளிக்கிழமை இரண்டாவது. இரண்டும் ஒன்றென்றால் சனி, ஞாயிறில் அடைக்கலாம். குளிரூட்ட வசதி இருந்தால் அடைப்பதற்கு முன் ஓரிரு நாள் 3, 4 டிகிரியில் வைத்தால் ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளியும், அது விருப்பம்தான். குளிரும்போது ஏர்லாக் தண்ணீரை உள்ளே இழுக்கும் என்பதால் அதைக் கழற்றிவிட்டு சுத்தமான ஃபாயில் போட்டு மூடுங்கள்.

சர்க்கரையைப் பாட்டில் பாட்டிலாக ஸ்பூனில் போடுவதைவிட, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறியதும் காலி வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரைச் சத்தமில்லாமல் குழாய் வழியாக இறக்குவது நல்லது, எல்லாப் பாட்டிலிலும் ஒரே அளவு போகும். பிறகு இரண்டு வாரம், முடிந்தால் மூன்று, 20 டிகிரியில். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் ஈஸ்ட் வேலை செய்யாது, கேஸ் ஏறாது. "ஒரு வாரமாச்சு, கேஸே இல்லை" என்று வருத்தப்படுகிறவர்களின் பாட்டில்கள் பெரும்பாலும் குளிர்ந்த கராஜில்தான் இருக்கும், உள்ளே கொண்டுவந்து வைத்தால் சரியாகிவிடும். ஒரே ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலாக வைத்துக்கொள்ளுங்கள், அழுத்திப் பார்த்தால் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று திறக்காமலே தெரியும். அது கல் மாதிரி ஆன பிறகு கண்ணாடிப் பாட்டில் ஒன்றை இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் நிறுத்திவைத்துவிட்டுத் திறங்கள். குளிர்ந்த பீரில்தான் கேஸ் முழுதாகக் கரையும், அன்றே குளிரவைத்துத் திறந்தால் நுரையாகக் கொட்டிவிடும்.

மொத்தம் ஐந்து வாரம். இதைத் தாங்குவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி இரண்டாவது வாளி. முதல் பீர் பாட்டிலில் இருக்கும்போது அடுத்தது நொதிக்கட்டும், கவனம் அங்கே போய்விடும், முதல் பீரைத் தினமும் எடுத்துப் பார்க்கத் தோன்றாது. ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டில் மட்டும் திறந்து குறித்துவைத்துக்கொண்டே வந்தால், எந்த வாரத்தில் உங்கள் பீர் உங்களுக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறது என்று அடுத்த முறைக்குத் தெரிந்துவிடும். கடைசி நான்கு பாட்டில் இருக்கும்போதுதான் பீர் மிக நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்வதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஏற்கெனவே அவசரப்பட்டு அடைத்துவிட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் பாட்டில் திறந்ததும் பீய்ச்சி அடித்தால் மற்றவற்றைக் கையால் அங்கே இங்கே நகர்த்திக்கொண்டிருக்காதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, மேலே ஒரு கனமான துண்டைப் போர்த்தி, பெட்டியோடு ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். குளிர் ஈஸ்டை நிறுத்தும், அழுத்தத்தையும் இறக்கும். ஓரிரு நாள் நன்றாகக் குளிர்ந்த பிறகு, ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் நிறுத்தி, துண்டு போர்த்தியபடியே மூடியைச் சற்றே நெம்பிக் கேஸை விட்டுவிட்டுப் புது மூடி போட்டு அடையுங்கள். பாட்டில் நிரம்பிய கழுத்தில் வெள்ளை ஆடையோ, புளித்த வாடையோ இருந்தால் காரணம் அவசரமாக இருக்காது, வேறு கிருமி புகுந்திருக்கும், அதையும் குளிரவைத்த பிறகே திறந்து கொட்டுங்கள்.